புயலுக்குப் பிறகு கரையில் காசு: அலை எதைக் கொண்டுவருது, சட்டம் எதைக் கேக்குது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

உத்திரமேரூர்ல இருந்து பேசுறேன். வாரநாள்ல கோடு எழுதுற வேலை, வாரக்கடைசியில இந்த மைக். இன்னைக்கு டாபிக் நிறைய பேர் கேட்டது: புயல் அடிச்சு ஓஞ்ச பிறகு கடற்கரையில பழைய காசு, தங்கம் கிடைக்குதுன்னு செய்தி வருதே, அது உண்மையா? அலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கிடைச்சா அது யாருக்குச் சொந்தம்?

ஒரே பதில்ல முடியாது. இயற்பியல் கொஞ்சம், வரலாறு கொஞ்சம், சட்டம் கொஞ்சம் மூணும் வேணும். வரிசையா போவோம்.

ரெண்டு வாரம், ரெண்டு தங்கம்

2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணம் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, ஆந்திராவுல காக்கிநாடாவுக்குப் பக்கத்துல உப்பாடான்னு ஒரு மீனவ கிராமம். புயல் கிளப்பின அலை அங்கயும் அடிச்சுது. அலை அடங்கினதும் ஊர் ஜனங்க கரையில மணலைக் கையால தடவித் தேடுற படம் நாடு முழுக்க வந்துச்சு. சின்னச் சின்ன தங்க மணி, குண்டூசித் தலை அளவு துணுக்கு. சிலருக்குக் கிடைச்சுது, பலருக்கு இல்லை.

இது மாயம் இல்லை. உப்பாடா கரை பல வருஷமா கடலுக்குள்ள போயிட்டிருக்கு. வீடும் கோயிலும் சேர்ந்தே போயிருக்கு. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துல துளி தங்கம் போடுற பழக்கம் நம்ம ஊர்லயும் உண்டு, அங்கயும் உண்டு. கடல் விழுங்கின வீட்டோட தங்கம் மணலோட கலந்து கிடக்குது, பெரிய அலை வந்தா மேல வருதுன்னுதான் அங்க இருக்கிறவங்களும் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, அது புதையல் இல்லை. யாரோ இழந்த வீடு.

அடுத்த சில வாரத்துக்குள்ள, டிசம்பர் 2020-ல எங்க ஊரே செய்தியில வந்துச்சு. உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணிக்காகக் கருவறைப் படிக்கல்லை எடுத்தப்ப அடியில தங்கம். அரை கிலோவுக்கு மேல. வருவாய்த் துறை வந்து கேட்டாங்க. "இது எங்க கோயிலுக்கு முன்னோர் வெச்சது, கும்பாபிஷேகத்துல மறுபடி அதே இடத்துல வைக்கணும்"னு ஊர்க்காரங்க தர மறுத்தாங்க. போலீஸ், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து கடைசியில அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சாங்க.

கடல்ல கிடைச்சதும் கோயில்ல கிடைச்சதும் வேற வேற கதை மாதிரி தெரியும். ஆனா ரெண்டுலயும் கேள்வி ஒண்ணுதான்: மண்ணுக்குள்ள இருந்து வந்தது யாருடையது? அதுக்குக் கடைசியில வருவோம். முதல்ல அலை.

அலை ஒரு சல்லடை

அரிசியில கல் பொறுக்க முறத்துல புடைப்போம் இல்லையா? லேசான உமி முன்னாடி பறக்கும், கனமான கல் பின்னாடி தங்கும். கரையில அலை செய்யறதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

சாதாரண மணல் தண்ணியை விட 2.65 மடங்கு கனம். செம்பு சுமார் 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. தண்ணிக்குள்ள இறங்கினா இந்த வித்தியாசம் இன்னும் பெருசாகும், ஏன்னா தண்ணி ஒவ்வொண்ணையும் அதோட கன அளவுக்குத் தக்கபடி தூக்கிவிடும். 2.65-ல ஒண்ணு போனா மணலுக்கு மிச்சம் 1.65. தங்கத்துக்கு 18.3. அதாவது தண்ணிக்குள்ள ஒரே அளவு மணலை விடத் தங்கம் 11 மடங்கு கனம். செம்பு கிட்டத்தட்ட 5 மடங்கு.

அதனால அலை மணலை வாரிக்கிட்டு போகும்போது காசு பின்தங்கும். மணல் போகப் போக காசு கீழ இறங்கும். எங்க நிக்கும்? கீழ களிமண்ணோ, சிப்பி அடுக்கோ, பாறையோ இருந்தா அதுமேல நிக்கும். நல்ல வெயில் காலத்துல அந்த அடுக்குக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்குக்கூட மணல் மூடியிருக்கலாம். புயல் அந்த மூடியை எடுத்துடும். "கடல் காசைக் கொண்டுவந்துச்சு"ன்னு சொல்றோம் பாருங்க, பெரும்பாலும் கடல் எதையும் கொண்டுவரல. ஏற்கெனவே அங்க இருந்ததுமேல கிடந்த மணலைக் கொண்டுபோயிருக்கு.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் நடந்தவங்க கவனிச்சிருப்பீங்க: சில நாள்ல கரையில கறுப்பா, செக்கச்செவேல்னு மணல் வரி வரியா கிடக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், மேக்னடைட். சிவப்பு கார்னட். இதெல்லாம் சாதாரண மணலை விடக் கனமான தாதுக்கள். லேசான மணலை அலை அள்ளிட்டுப் போயிருக்கு, கனமானது தங்கியிருக்குன்னு அந்த வரி சொல்லுது. காசு தேடிப் பழகினவங்க முதல்ல பாக்குறது இந்தக் கறுப்பு வரியைத்தான். இன்னொரு அடையாளம், வலையில இருந்து அறுந்த ஈயக்குண்டு, துருப்பிடிச்ச போல்ட். அது குவிஞ்ச இடத்துல காசும் குவியும், ஏன்னா அலைக்கு ரெண்டும் ஒரே கனம்தான்.

சர்ஃபருக்கு நல்ல அலை வேற

கோவளத்துலயும் மாமல்லபுரத்துலயும் இப்ப சர்ஃபிங் பெருசா வளந்திருக்கு. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துலதான் நடந்துச்சு. சர்ஃபர் பாக்குறதும் அலைதான், காசு தேடுறவர் பாக்குறதும் அலைதான். ஆனா ரெண்டு பேருக்கும் வேண்டிய அலை நேர் எதிர்.

ஒரு அலையோட உயரம் எவ்வளவு முக்கியமோ, அடுத்த அலை வர எத்தனை செகண்ட் ஆகுதுங்கறதும் அவ்வளவு முக்கியம். தூரத்துப் பெருங்கடல்ல பொறந்து வர்ற அலை நீளமா, நிதானமா, 12, 13 செகண்டுக்கு ஒண்ணா வரும். பக்கத்துல புயல் கிளப்புற அலை குட்டையா, செங்குத்தா, 6, 7 செகண்டுக்கு ஒண்ணா மோதும்.

கடற்கரைப் பொறியியல்ல இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. அலை உயரத்தை எடுத்துக்கோங்க. மணல் துகள் தண்ணியில விழுற வேகத்தை அலை இடைவெளியால பெருக்கி, அதால உயரத்தை வகுங்க. நம்ம கரையில இருக்கிற மாதிரி நடுத்தர மணல் நொடிக்கு சுமார் 4 சென்டிமீட்டர் வேகத்துல கீழ இறங்கும்னு வெச்சுக்கலாம். 1 மீட்டர் உயரம், 13 செகண்ட் இடைவெளின்னா விடை சுமார் 2. புயல் அலை 2.5 மீட்டர், 7 செகண்ட்னா விடை சுமார் 9.

எண் சின்னதா இருந்தா, அலை கிளப்பிவிட்ட மணல் அடுத்த அலைக்குள்ள கீழ இறங்கிடும், அலை அதை மெதுவா கரைப்பக்கம் தள்ளிடும், கரை வளரும். எண் பெருசா இருந்தா, மணல் இறங்கறதுக்குள்ள அடுத்த அடி விழும். மணல் மிதந்துக்கிட்டே பின்வாங்குற தண்ணியோட கடலுக்குள்ள போய், கரைக்கு இணையா ஒரு மேடா படியும். கரையில மணல் சுவர் மாதிரி ஒரு வெட்டு நிக்கும். சர்ஃபருக்கு முதல் அலை. காசு தேடுறவருக்கு ரெண்டாவது அலை அடிச்சு முடிஞ்ச மறுநாள்.

மறுநாள்னு ஏன் சொல்றேன்னா, நேரம் ரொம்பக் குறைவு. போன மணல் கடலுக்குள்ள மேடா காத்திருக்கு. நிதானமான அலை திரும்பினதும் அது கரைக்கு வந்து எல்லாத்தையும் மூடிடும். சில நாள்தான் சன்னல் திறந்திருக்கும்.

நம்ம பக்கம் ஓதத்தோட பங்கு சின்னதுதான். சென்னைக் கரையில பௌர்ணமி, அமாவாசை சமயத்துலகூட ஏத்தத்துக்கும் வத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுத்திதான். குஜராத் மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்குல உள்வாங்காது. இங்க வேலை செய்யறது அலையும் நீரோட்டமும்.

வன்னி, தெண்டி

சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கிருந்து தெற்கே ஓடுற நீரோட்டத்தை வன்னின்னும், தெற்கிருந்து வடக்கே ஓடுறதைத் தெண்டின்னும் சொல்வாங்க. பாடப் புத்தகம் பக்கம் பக்கமா எழுதுறதை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க.

வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிற மாசத்துல மணல் தெற்கே நகரும். மத்த பெரும்பகுதி வருஷத்துல வடக்கே நகரும். கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம். இதுக்குச் சாட்சி மெரினா. சென்னைத் துறைமுகம் கட்டினதும் வடக்கே போன மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகலமாச்சு. மணல் கிடைக்காத ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பிச்சுது.

இதுல இருந்து ஒரு பாடம். ஒரு கரையில வருஷத்துக்கு வருஷம் பழைய பொருள் மேல வருதுன்னா, அந்தக் கரை அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அங்க தங்கம் எடுக்கிற ஜனங்களோட வீடுதான் அடுத்து போகப்போறது. "லக்கி பீச்"னு தம்ப்நெய்ல் வைக்கிறவங்க இதைச் சொல்றதில்லை.

நம்ம கரையில என்ன இருக்கு?

உத்திரமேரூர்ல இருந்து செங்கல்பட்டு வழியா போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாமல்லபுரம். 2019 வரைக்கும் அது எங்க காஞ்சிபுரம் மாவட்டம்தான், அப்புறம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போச்சு.

அந்தக் கரையில கடல் மணலை விலக்கினா என்ன தெரியும்ங்கறதுக்குப் பெரிய எடுத்துக்காட்டு 2004 சுனாமி. கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துல அதுவரை மணல்ல புதைஞ்சிருந்த சிற்பம் செதுக்கின பாறைங்க வெளிய வந்துச்சு. கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்துல கல்வெட்டு இருந்த பாறை தெரிஞ்சுது. அந்தக் கல்வெட்டு ஒரு முருகன் கோயிலைப் பத்திப் பேச, அதைத் தொட்டுத் தோண்டினப்ப செங்கல் கோயிலோட அடித்தளமே கிடைச்சுது. மணல் விலகினது ஒரு நாள். அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்ததால அது வரலாறாச்சு.

காசுன்னு எடுத்துக்கிட்டா, சோழமண்டலக் கரையில கிடைக்கக்கூடியது நாலைஞ்சு அடுக்கு.

ஒண்ணு, ரோமக் காசு. மாமல்லபுரத்துலயே தியோடோசியஸ் காலத்துக் காசு கிடைச்சதா பதிவு இருக்கு. ராமநாதபுரம் அழகன்குளத்துலயும் ரோமக் காசு உண்டு. நாலாம் நூற்றாண்டு வாக்குல வந்த ரோமச் செப்புக் காசுங்க தேஞ்சு, சின்னதா, பாக்க வேப்பங்கொட்டை மாதிரி இருக்கும். கீழ கிடந்தா யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டாங்க.

ரெண்டு, பல்லவர் காசு. ஒரு பக்கம் காளை. சிலதுல ரெண்டு பாய்மரம் உள்ள கப்பல். மூணு, சோழர் காசு. ராஜராஜன் பேர்ல ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம். இது தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் ஏராளமா கிடைக்கிற வகை.

நாலு, டச்சுக்காரங்க காசு. கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம் கோட்டை இருக்கே, அது டச்சுக் கம்பெனியோடது. அவங்க சின்னச் செப்புக் காசோட பேரு "டொயிட்". நம்ம வாயில அதுதான் "துட்டு" ஆச்சு. அஞ்சு, இங்கிலீஷ் கம்பெனிக் காசு. இதுல கதை தலைகீழ். நம்ம "காசு"ங்கற சொல்லு அவங்க வாயில "கேஷ்" ஆகி, செப்புக் காசுமேலயே பத்து கேஷ், இருபது கேஷ்னு அச்சடிச்சாங்க.

பழசு எல்லாம் விலை போகுமா?

அந்த இருபது கேஷ் காசை வெச்சே இதைச் சொல்லிடலாம். 1809 ஜனவரியில அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கம்பெனிக் கப்பல் மெட்ராஸுக்குக் கிளம்புச்சு. இங்கிலாந்துக் கரையைத் தாண்டறதுக்குள்ளயே கென்ட் பக்கத்துல குட்வின் மணல் திட்டுல மாட்டி மூழ்கிடுச்சு. உள்ள சுமார் 48 டன் செப்புக் காசு, 1808-ன்னு அச்சடிச்சது. எல்லாம் நம்ம சந்தையில புழங்க வேண்டிய சில்லறை. 1980-கள்ல முக்குளிச்சு லட்சக்கணக்குல எடுத்தாங்க. இருநூறு வருஷப் பழசு, மூழ்கின கப்பல், கடல் புதையல், எல்லா மசாலாவும் இருக்கு. ஆனா இன்னைக்கு அந்தக் காசு சேகரிக்கிறவங்க நடுவுல மலிவான வகை. ஏன்? ஏராளமா இருக்கு.

காசோட விலையை வயசு முடிவு பண்றதில்லை. எத்தனை மிச்சம் இருக்கு, எழுத்தும் உருவமும் எவ்வளவு தெளிவு, எங்க கிடைச்சதுன்னு நம்பத்தக்க பதிவு இருக்கா, வேணும்னு கேக்குறவங்க எத்தனை பேர், இந்த நாலும்தான் முடிவு பண்ணும். உப்புத் தண்ணியில கிடந்த செப்புக் காசு பெரும்பாலும் ரெண்டாவது தேர்வுலயே தோத்துடும்.

இன்னொண்ணு. "உங்ககிட்ட பழைய அஞ்சு ரூபா காசு இருக்கா, லட்சக்கணக்குல வாங்கிக்கிறோம்"னு வாட்ஸ்அப்ல வருதே, முதல்ல "பதிவுக் கட்டணம்" கேப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரையும் லோகோவையும் வெச்சு இப்படி ஏமாத்துறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிச்சுது. காசு விக்கப் போனவர் காசு கட்டுறார்னா, அங்கயே நிறுத்திடுங்க.

மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

இந்தக் கேள்வி இல்லாம இந்த டாபிக் முடியாது. ஆன்லைன்ல கிடைக்கிற சாதாரண டிடெக்டர் ஒரே அதிர்வெண்ணுல காந்தப் புலத்தை அனுப்பி, உலோகத்துல இருந்து திரும்புற சிக்னலைப் பாக்கும். ஈரமான உப்பு மணலே மின்சாரத்தைக் கடத்தும், அதனால அதுவே "உலோகம் உலோகம்"னு கத்தும். கறுப்பு மணல்ல இருக்கிற மேக்னடைட் இன்னும் குழப்பும். எங்க காசு சேர வாய்ப்பு அதிகமோ, அங்கதான் மலிவு டிடெக்டருக்குக் காது கேக்காது. ஈரக் கரைக்குன்னே துடிப்பு முறையில வேலை செய்யற வகை இருக்கு. அது சமாளிக்கும், ஆனா சோடா மூடிக்கும் சோழர் காசுக்கும் வித்தியாசம் சொல்லாது.

அதைவிட முக்கியம் இடம். மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னம் இருக்கிற இடத்துல அனுமதி இல்லாம தோண்டுறது குற்றம். கைக் கரண்டியால தோண்டினாலும் தோண்டுறதுதான்.

சரி, கிடைச்சா யாருக்கு?

இப்ப ஆரம்பத்துல விட்ட கேள்வி. இந்தியப் புதையல் சட்டம், 1878. மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கிற மதிப்புள்ள எதுவும் அந்தச் சட்டப்படி புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினா கலெக்டருக்கு எழுத்துமூலமா தகவல் தரணும்: என்ன கிடைச்சது, சுமாரா என்ன மதிப்பு, எங்க, எந்த தேதியில. பொருளைக் கருவூலத்துல வைக்கணும், இல்லன்னா கேக்கும்போது தருவேன்னு பிணை தரணும். 1878-ல 10 ரூபாய் பெரிய தொகை. எண் அப்படியே நிக்குது. இன்னைக்கு ஒரு கடுகளவு தங்கமே அந்தக் கோட்டைத் தாண்டிடும்.

கலெக்டர் அறிவிப்பு கொடுத்து விசாரிப்பார். நூறு வருஷத்துக்குள்ள புதைச்சது, அது என்னோடதுன்னு யாராவது வந்தா விஷயம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். உரிமைக்காரர் யாரும் இல்லன்னு ஆனா, மூலச் சட்டத்தோட பொது விதிப்படி கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கடற்கரை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு, அதனால அந்தக் கால் பங்குக்காரர் அரசாங்கம். சொல்லாம மறைச்சா பங்கும் போயிடும், ஒரு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கு.

வாசிக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு பிரிவு உதைக்குது. புதையலை அரசாங்கமே எடுத்துக்கணும்னா, பொருளோட உலோக மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் கொடுத்தா போதும். தங்கம்னா பரவாயில்லை. ஒரு சங்ககாலச் செப்புக் காசுன்னா? செம்போட எடைக்கு விலை, மேல இருபது சதவீதம். டீ செலவுக்குக்கூட ஆகாது. கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வர பஸ் டிக்கெட்டே அதைவிட ஜாஸ்தி. அப்ப ஒருத்தர் என்ன செய்வார்? மறைப்பார், இல்லன்னா பழைய இரும்புக் கடையில போடுவார்.

இங்கிலாந்துல 1996-ல புதையல் சட்டத்தை மாத்தி, கண்டெடுத்தவருக்குச் சந்தை மதிப்புல வெகுமதின்னு வெச்சாங்க. அதோட 1997-ல இருந்து, புதையல்னு கணக்குல வராத சின்னப் பொருளையும் ஜனங்க கொண்டுவந்து காட்டிப் பதிவு பண்ண ஒரு திட்டம். பதிவு பண்ணிட்டுப் பொருளை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. இப்படி 10 லட்சத்துக்கும் மேல பொருள் பதிவாகியிருக்கு. அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது பொருள் இல்லை, தகவல்.

இன்னும் ரெண்டு சட்டம் சுருக்கமா. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள். அதை நீங்க வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமா விக்க லைசென்ஸ் வேணும். போன வாரம் யாரோ குளிக்கும்போது தொலைச்ச மோதிரம்னா அது புதையலே இல்லை. உரியவரைத் தேட முயற்சிக்காம அமுக்கினா பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு வரும்.

காசை விட இடம் பெருசு

நான் இந்த எபிசோடு பண்ணதுக்கே காரணம் இந்தப் பகுதிதான்.

சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசு அடிச்சாங்களா இல்லையாங்கறதே ரொம்ப நாள் சந்தேகமா இருந்துச்சு. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-கள்ல, தமிழ் பிராமியில "பெருவழுதி"ன்னு எழுதின பாண்டியர் காசைப் படிச்சு வெளியிட்டார். கரூர் அமராவதி ஆத்துப் படுகையில இருந்து சேரர் காசு வரிசையா வந்துச்சு. அதுல எவ்வளவோ, ஆத்து மணலை அரிச்சவங்க கையில கிடைச்சு வியாபாரிங்க வழியா வந்தது. அவங்க அரிக்கலன்னா அந்தக் காசே இல்லை. அதே சமயம் எந்த அடுக்குல, எதுகூட, எவ்வளவு ஆழத்துல கிடந்துச்சுன்னு கேட்டா பதில் கிடையாது. உருக்கிட்ட காசு எத்தனைன்னும் கணக்கு கிடையாது.

என் தொழில் பாஷையில சொன்னா, காசு வெறும் வேல்யூ. கிடைச்ச இடம், ஆழம், தேதி, பக்கத்துல இருந்த பொருள் எல்லாம் மெட்டாடேட்டா. மெட்டாடேட்டா இல்லாத வேல்யூவை டேபிள்ல எந்த வரியில போடுறதுன்னே தெரியாது. மாமல்லபுரம் மணல்ல எடுத்த தேஞ்ச ரோமக் காசு, இங்க கப்பல் வந்துச்சுங்கறதுக்கு ஒரு சாட்சி. அதே காசு டெல்லியில ஒரு கடைத் தட்டுல கிடந்தா அது வெறும் செம்பு.

அதனால கரையில ஏதாவது கண்ணுல பட்டா இதைச் செய்யுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி கிடக்கிறபடியே போட்டோ எடுங்க, பக்கத்துல அளவுக்கு ஒரு பேனாவோ சாவியோ வெச்சு. போன்ல லொக்கேஷனைச் சேமிச்சுக்கோங்க. ஒண்ணுக்கு மேல கிடந்தா தோண்டாதீங்க, அது ஒரு தொகுதியா இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீங்க, சாம்பல் வேண்டாம், பிரஷ் வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்து போயிடும். கடல்ல கிடந்த செப்புக் காசை அப்படியே காய விட்டா உள்ள இருக்கிற உப்பு பச்சைப் பொடியா பூத்து அரிக்கும். நல்ல தண்ணியில போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி வெச்சு, தெரிஞ்சவங்க கையில சேருங்க. தகவல் தாசில்தார் அலுவலகத்துக்கோ கலெக்டருக்கோ எழுத்துல. நகல்ல சீல் வாங்கிக்கோங்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல காசுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. புதையல் காசுங்க கடைசியில போய்ச் சேருறதும் அங்கதான்.

உயிர் முதல்ல

மணல் வெட்டுப்பட்ட நாள்தான் கடல் ரொம்ப ஆபத்தான நாள். கரைக்கு இணையா மேடு உருவாகியிருக்கும்னு சொன்னேன் இல்லையா? அந்த மேட்டுக்குள்ள மாட்டின தண்ணி ஒரு இடைவெளி கண்டுபிடிச்சு மொத்தமா வெளிய பாயும். சுத்தி எல்லாம் நுரை, அந்த இடம் மட்டும் அமைதியா இருக்கும். பாத்தா குளிக்க நல்ல இடம்னு தோணும். மாட்டினா கரையைப் பாத்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அதுல இருந்து வெளிய வாங்க.

இன்னொண்ணு கள்ளக்கடல். காத்து இல்லை, மழை இல்லை, வானம் தெளிவு. எங்கயோ தெற்குப் பெருங்கடல்ல பொறந்த நீண்ட அலை திடீர்னு கரையேறும். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் உயிர் போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்துலதான். ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், இடைவெளி, எச்சரிக்கை எல்லாத்தையும் வெளியிடுது. கரைக்குப் போறதுக்கு முன்னாடி பாருங்க. அதைவிட, அங்க படகை மேல ஏத்திக் கட்டிட்டு உக்காந்திருக்கிற மீனவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் இறங்கலன்னா நீங்களும் இறங்காதீங்க.

கேள்வி ஒண்ணு

போன எபிசோடுக்கு வந்த ஒரு கேள்வி: "தம்பி, உப்பாடா ஜனங்க ஏழைங்க. ஒரு துணுக்கு தங்கத்துக்குக் கலெக்டர், சட்டம்னு பேசுறது நியாயமா?"

நியாயமான கேள்விண்ணே. புயல் நாள்ல படகு போகாது, அன்னைக்கு வருமானம் பூஜ்யம். கரையில கிடைக்கிற துணுக்கு அன்னைக்குச் சோறு. அவங்களைக் குத்தவாளி ஆக்குறதுல எனக்கு விருப்பம் இல்லை. அந்த 10 ரூபாய் வரம்பை இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும். உலோக மதிப்புங்கறதை எடுத்துட்டு நிஜ மதிப்பு கொடுக்கணும். கொண்டுவந்து காட்டுறவரை சந்தேகமா பாக்காம, பேர் எழுதி நன்றி சொல்ற ஒரு மேஜை தாலுகா அளவுல வேணும்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 919, 921-ல பராந்தக சோழன் காலத்துல உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல வெட்டின கல்வெட்டை குடவோலைக்காகவே எல்லாரும் சொல்றோம். அந்தச் சபையில ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் இருந்த மாதிரி பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்துச்சு. பொன் விஷயத்தை யார் பாக்கணும்னு ஊர் தானே ஆளைத் தேர்ந்தெடுத்து, விதியைக் கல்லுல எழுதி, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வெச்சுது. 2020-ல குழம்பேஸ்வரர் கோயில் வாசல்ல நடந்த இழுபறியில இல்லாம போனது அதுதான்: ரெண்டு பக்கமும் நம்புற ஒரு விதி.

அடுத்த எபிசோடு ஏரி மதகு பத்தி. மதகுல எப்படித் தண்ணியை அளந்து விட்டாங்கங்கறதைப் பாப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள.